பலகையில் இருந்தவன்

மணல் மூட்டை இரண்டும் கடலுக்குள் போன பிறகும் வள்ளம் சாயவில்லை.

வீரபாகு முதலில் அதைக் கவனிக்கவில்லை. பலகையின் நுனியில் கட்டியிருந்த கயிறு அறுந்து மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொபீர் தொபீரென்று விழுந்தபோது, "போச்சு, எல்லாம் போச்சு!" என்று கத்திக்கொண்டே பாய்க்கயிற்றை இளக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். ஆடி மாதத்துத் தென்மேற்குச் சோளகக் காற்று. பாய் வயிறு புடைத்து நின்றது. அந்தக் காற்றுக்கு, காற்று வருகிற பக்கமாக வெளியே நீட்டிய பலகையில் பாரம் இல்லாவிட்டால் வள்ளம் மறுபக்கம் படுத்துவிடும். நீந்தத் தெரிந்தவனும் பாய்க்கு அடியில் சிக்கிச் சாவான். கண்ணைத் திறந்தபோது வள்ளம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. முன்னைவிட நேராக.

"என்ன விழுந்தது அண்ணே?" என்றாள் அழகம்மா.

"ஒண்டுமில்லை. பிள்ளையைப் பார்."

அவளுடைய மடியில் எட்டு மாதக் குழந்தை. விடியற்காலை தொடங்கிய காய்ச்சல். மத்தியானத்துக்குள் இரண்டு தரம் வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. ஜெயபுரத்து மருந்துக்காரர் கையை விரித்ததும், தங்கையையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பூநகரிக் கரைக்கு மிதித்து வந்தான். வந்து பார்த்தால் காற்றுக்குப் பயந்து, ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப்படகு ஓடவில்லை. இருட்டுவதற்குள் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் பிள்ளை தங்காது. வள்ளக்காரப் பொன்னையா வள்ளத்தைக் கொடுத்தார், ஆள்தான் கொடுக்கவில்லை. "உந்தக் காத்துக்குப் பலகையில ரெண்டு பேர் இருக்க வேணும் தம்பி. ஆர் வருவாங்கள்?" என்றார். ஆளுக்குப் பதிலாகத்தான் அந்த மூட்டைகள்.

வீரபாகு கடல்காரன் இல்லை. தேயிலை மலையில் பிறந்தவன். எழுபத்தேழுக் கலவரத்தில் உடுத்த துணியோடு ஓடிவந்து, இங்கே காடு வெட்டி, வயலில் வேலையில்லாத மாதங்களில் தங்கை புருஷன் மூக்கனோடு இந்த வள்ளத்தில் கூலிக்கு ஏறியவன். ஐந்து வருடத்தில் சுக்கான் பிடிக்கப் பழகிவிட்டான். அந்தத் திமிர் வேறு அவனுக்குக் கொஞ்சம் உண்டு.

மூட்டை போனால் வள்ளம் சாய வேண்டும் என்பது தெரியாதவனா அவன்?

மெல்லத் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தான். தண்ணீருக்கு மேல் ஆறடி நீளத்துக்கு வெறும் பலகை. அதன் நுனி கீழே வளைந்திருந்தது. மூட்டைகளின் பாரத்துக்கு அது இவ்வளவு வளையவில்லை. பலகையில் இருப்பவன் பிடித்துக்கொள்வதற்காகப் பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒரு கயிறு தொங்கும். ஆள் இல்லாதபோது அது காற்றில் அடித்துக்கொண்டு கிடக்கும். இப்போது அது வெளிப்பக்கமாக விறைத்து நின்றது, ஒருவன் இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்திருக்கிறபோது நிற்குமே, அப்படி.

வீரபாகு தங்கையைப் பார்த்தான்; அவள் பிள்ளையின் மேல் குனிந்திருந்தாள்.

ஒரு பலத்த வீச்சு வந்தது. பாய் படபடத்தது. பலகையின் நுனி இன்னும் ஒரு சாண் கீழே போனது. வீச்சு அடங்கியதும் மேலே வந்தது. காற்று கூடினால் வெளியே நகர்ந்து, குறைந்தால் உள்ளே நகர்ந்து இருப்பது மூக்கனுக்குக் கைவந்த வேலை. அவனைப் போலப் பலகையில் இருக்கப் பூநகரியில் ஆள் கிடையாது என்று பொன்னையாவே சொல்லுவார். சேற்று நாற்றத்துக்கும் உப்பு நாற்றத்துக்கும் நடுவே பீடிப் புகை மணத்தது. வீரபாகு பீடி குடிப்பதில்லை.

போன ஆடியில் இதே தண்ணீரில்தான் மூக்கன் போனான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. உடம்பில்லாமலே கருமாதி செய்தார்கள். அப்போது அழகம்மா ஐந்து மாதம்.

"அண்ணே." அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "அண்டைக்கு அவரைக் கூப்பிட்டனீங்கதானே?"

"எத்தனை தரம் சொல்றது? கூப்பிட்டனான். அவன்தான் வரேல்ல."

வள்ளத்தைத் திருப்பும்போது காற்றுப் பக்கம் மாறிவிடும். அதுவரை உயர நின்ற பலகை தண்ணீருக்குள் போகும். அதனால் சுக்கான் பிடிப்பவன் முதலில் பலகையில் இருப்பவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "வந்தன்" என்று அவன் பதில் சொல்லி, உள்ளே கால் வைத்த பிறகுதான் திருப்ப வேண்டும். கூப்பிடாமல் திருப்புவது கொலைக்குச் சமம் என்று முதல் நாளே பொன்னையா சொல்லிக் கொடுத்திருந்தார்.

அன்றைக்குக் காலையிலிருந்து மூக்கன் அவனைக் கேலி செய்துகொண்டே வந்தான். "கொழுந்துக் கூடை தூக்கினவனுக்குச் சுக்கான் பிடிக்க வருமோ?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தான். அவனும் அதே மலையிலிருந்து வந்தவன்தான்! வீரபாகுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் நனையட்டும், மச்சானுக்குக் கொழுப்புக் கரையட்டும் என்று நினைத்து, கூப்பிடாமல் திருப்பினான். அவ்வளவுதான். நனையத்தான் நினைத்தான். பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. திரும்பித் தேடி வந்தபோது கடலில் மூக்கனின் தோள்துண்டு மட்டும் மிதந்தது.

முன்னால் வெள்ளையாக அலை உடைவது தெரிந்தது.

மண்திட்டி. இனித் திருப்பியே ஆக வேண்டும். இங்கே ஒரு தரம். கரைக்குக் கிட்ட இன்னொரு தரம். திருப்பாமல் போனால் வள்ளம் திட்டியில் ஏறி உடையும். பலகையில் அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு திருப்பினால், பாரம் சாய்கிற பக்கத்துக்கு மாறி மூன்று பேரையும் கவிழ்க்கும். பாரம் உள்ளே வர வேண்டும்.

கூப்பிட வேண்டும்.

குழந்தை வெட்டி இழுக்கத் தொடங்கியது. "ஐயோ, மூண்டாம் தரம் அண்ணே!" என்று அழகம்மா அலறினாள்.

"மூக்கா!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பலகை அசையவில்லை.

"மூக்கா! உள்ள வாடா!"

பலகை அசையவில்லை. திட்டியின் இரைச்சல் காதை அடைத்தது. இன்னும் நூறு பாகத் தூரம் இருக்கும். எண்பது. வீரபாகு அழுதுவிட்டான்.

"அண்டைக்கு நான் கூப்பிடேல்லயடா மச்சான்! நீ நனைய வேணும் எண்டுதான்... சத்தியமா நனையத்தான் நினைச்சனான். உன்ர பிள்ளைக்காக வா!"

கயிறு தளர்ந்தது.

"வந்தன்."

பக்கத்தில் கேட்டது. தண்ணீர் நிறைந்த தொண்டை.

பலகை நிமிர்ந்தது. வள்ளத்தின் விளிம்பு ஒரு காலுக்கு அமுங்கியது. பிறகு மறு காலுக்கு. ஈரமான பாதம் ஒன்று அழகம்மாவின் சேலைத் தலைப்பை மிதித்து, நனைத்து, தாண்டியது. வீரபாகு சுக்கானைத் தள்ளினான். வள்ளம் திரும்பியது. பாய் சடாரென்று மறுபக்கம் போனது. திட்டி பின்னால் போனது.

வீரபாகு பலகையை இழுத்து எதிர்ப்பக்கம் நீட்டினான். அதில் இப்போது ஆள் இல்லை.

வள்ளம் சாய்ந்தது. விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. அழகம்மாவின் முழங்கால் வரை. அவள் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள்.

"பலகைக்குப் போடா, மூக்கா!"

யாரும் போகவில்லை. வீரபாகுவின் கையிலிருந்த பாய்க்கயிறு மெல்ல இழுபட்டது. காற்று இழுக்கவில்லை. ஒரு கை வாங்கியது. குளிர்ந்த, ஊறிய, தோல் வழுக்குகிற கை. சுக்கானையும் அது வாங்கிக்கொண்டது.

தண்ணீர் ஏறியது.

வேறு வழி இல்லை. வீரபாகு பலகையில் ஏறினான். தவழ்ந்து, நுனிவரை போனான். உச்சிக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தான். வள்ளம் நிமிர்ந்தது.

அங்கிருந்து முழுவதும் தெரிந்தது. சுக்கான் பிடிப்பவன் உட்காருகிற, ஆளில்லாத பின்பலகை. அதற்கு முன்னால் விறைத்து நிற்கும் பாய்க்கயிறு. மயிரிழை பிசகாமல் நேரே போகும் சுக்கான். பின்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளையின் வலிப்பு நின்றிருந்தது. அழகம்மா குழந்தையைக் கையில் ஏந்தி, முகத்துத் துணியை விலக்கி, வெறும் பின்பலகைக்குக் காட்டினாள்.

"உங்கட மகன்," என்றாள்.

பீடி மணத்தது.

யாழ்ப்பாணக் கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. பிள்ளை பிழைத்துவிடும். கரை கிட்டத்தான். இன்னும் ஒரு திருப்புத்தான்.

"தங்கச்சி!" அவன் கத்தினான். "திருப்ப முன்னம் என்னைக் கூப்பிடச் சொல்லு! இல்லாட்டி நீ கூப்பிடு! என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடு, அழகம்மா!"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். பிறகு பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

சுக்கான் அசைந்தது.

பாய் தளர்ந்து படபடத்தது. பலகை அவனோடு தண்ணீரை நோக்கி இறங்கியது. யாரும் கூப்பிடவில்லை.

"வந்தன்," என்றான் வீரபாகு. "வந்தன், வந்தன், வந்தன்..."