பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டில் காலி என்று டாக்டர் ரோஹிணி சொல்லி வாய் மூடவில்லை, திரைக்கு அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுத்தார்கள்.

பாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கம் கெட்டவளுக்கு எது காதில் விழாது? அடுப்பு கேஸை மூடினோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பதுதான் அவளுடைய ராத்திரி உத்தியோகம். கூடவே எழுந்து அலுத்துப்போன கணவர் ஜம்புநாதன், சிஞ்ச்வடில் இந்த ஊசி வைத்தியரிடம் பட்டப்பகலில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார்.

நெற்றியில், காதில், மணிக்கட்டில், மெட்டி போட்ட காலில் முடிபோல ஊசிகள் இறங்கின. "ஹலு நகா, போலு நகா" என்று டாக்டர் மராத்தியில் சொல்லி, விளக்கைத் தணித்துவிட்டுப் போனார். அசையக்கூடாது, பேசக்கூடாது.

ஸ்பிரிட் வாடை. அதற்கு அடியில், நெடுநாள் பூட்டிய டிரங்குப் பெட்டியைத் திறந்ததுபோல் இன்னொரு வாடை. திரைக்கு அப்பால் ஒரு ஃபேன், ஒவ்வொரு சுற்றுக்கும் முனகிக்கொண்டே ஓடியது.

"தூக்கம் வரலியா மாமி?"

தமிழ்! இந்த ஊரில் தமிழ்க் குரல் கேட்டால், பேரம் பேசிக்கொண்டிருக்கும் சப்ஜிவாலாவை அப்படியே விட்டுவிட்டுத் திரும்புகிறவள் பாமா. டாக்டர் சொன்னது மறந்தே போயிற்று.

"எந்த ஊர் நீங்க?"

"கும்பகோணம் பக்கம். இங்க ஃபேனுக்கு நேர் கீழே படுத்துண்டு குளிர்றது மாமி. செத்த இடம் மாத்திக்கலாமா?"

ரயிலில் யார் கேட்டாலும் லோயர் பெர்த்தை விட்டுக்கொடுத்துப் பழகிய வாய். யோசிக்கவே இல்லை.

"அதுக்கென்ன, தாராளமா."

உடனே தூக்கம் வந்தது. எத்தனையோ வருஷத்துத் தூக்கம்.

விழித்தபோது குளிர்ந்தது. முகத்துக்கு நேர் மேலே ஃபேன்.

அவள் கட்டிலுக்கு மேலே ஃபேன் கிடையாது.

கையை அசைத்தாள். கை இருக்கிற இடமே தெரியவில்லை. காற்றில் திரை விலகியது. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கால் கீழே தொங்கியது. வெடித்த குதிகால். மெட்டி. டாக்டர் குனிந்து கடைசி ஊசியை எடுத்தார்.

"தூங்கினியா?" வாசலிலிருந்து ஜம்புநாதன்.

"அசந்துட்டேன்னா. கிளம்பலாமா?"

பாமாவின் குரல். அச்சாக அவள் குரல்.

"அட, கேஸை மூடினோமான்னு கேக்கவே இல்லியே! குணமாயிடுத்துடி உனக்கு!"

இருவரும் சிரித்தார்கள்.

ஏன்னா, அது நானில்லை. கத்தினாள். ஃபேன் மட்டும் முனகியது. டாக்டர் திரையை இழுத்து விட்டார். வெளியே ஸ்கூட்டர் உறுமியது. பின் தேய்ந்தது. பின் இல்லை.

விளக்கு அணைந்தது.

இனி பார்க்க வேண்டாம் என்று பாமா கண்ணை மூடப் போனாள்.

மூடுவதற்கு இமை இல்லை.