நடு அறைக்கு அடியில்

காலையில் வழுக்கிக்கொண்டு மூடிய நடு அறைக் கதவு, மாலையில் பாதியிலேயே நின்றுவிட்டது. சயோகோ தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். மரச்சட்டம் முனகியது. பசை வாசனை இன்னும் போகாத புதுப் பலகைத் தரை நடுவில் மீண்டும் இறங்கியிருந்தது. குடியிருந்த வீட்டை விற்று, வாடகைக்கு விடலாமென்று ஜப்பானின் ஒகயாமாவில் வாங்கிப் போட்ட பழைய வீடு. இதுவும் கைவிட்டால் இருவரும் தெருவில்தான் நிற்க வேண்டும்.

கணவன் கென்சாகு தரைக்கதவைத் திறந்து, தரையைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கியோடு அடியில் தவழ்ந்து போனான். ஈர மண் வாடை மேலே வந்தது.

"சயோ, இங்க ஒரு கிணறு இருக்குடி. மண்ணப் போட்டு மூடியிருக்காங்க. அதான் வீடே இறங்குது."

"கிணறா? விக்கிறப்ப ஒரு வார்த்தை சொல்லலையே, பாவிங்க!"

"மூச்சுக்குழாய்கூட விட்டிருக்காங்க. எந்த முட்டாளோ புது சிமெண்ட்ட வெச்சு அடைச்சிருக்கான்."

கிணற்றை மூடினால் அது மூச்சு விட ஒரு குழாய் விட வேண்டும் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். பலகை போடுமுன், பழைய சாக்கடைக் குழாய் என்று நினைத்து அதை அறுத்து அடைத்தவள் சயோகோதான்.

"அந்த முட்டாள் நான்தாங்க. மேல வந்துடுங்க. பயமா இருக்கு."

"ஏன், கிணத்துக்கு மூக்கடைப்பா?" என்று சிரித்தான். உளிச் சத்தம் கேட்டது. "சிமெண்ட் பேந்துடுச்சு. உள்ள அடைப்பு இருக்கான்னு ஊதிப் பாக்கறேன்."

ஊதினான். அந்த ஒலி பலகைகளுக்கு அடியில் ஊர்ந்து, மண்சுவருக்குள் புகுந்து ஏறி, கூரை ஓடுகளைக் கிடுகிடுக்க வைத்து, வீடு முழுக்கப் பரவியது. முடியட்டுமென்று அவள் காத்திருந்தாள். முடியவில்லை. ஒரு மனிதனின் நெஞ்சில் அத்தனை காற்று இருக்காது.

"போதுங்க."

ஊதல் நிற்கவில்லை.

"என்னங்க! நிறுத்துங்க!"

காலுக்குக் கீழே தரை எழும்பியது. மெல்ல. ஒரு விரற்கடை. இன்னும் கொஞ்சம். நேரானது. இத்தனை மாதமாக அவள் வேண்டிக்கொண்டது இதைத்தான். இப்போது வேண்டாம், வீடு இடிந்து மண்ணாகப் போகட்டும், அவனை மட்டும் விட்டுவிடு என்று கதறிக்கொண்டே தரைக்கதவுக்குள் தலையை நுழைத்தாள்.

கைவிளக்கை எடுத்து அவன் பக்கம் திருப்பினாள்.

கென்சாகு குப்புறக் கிடந்தான். உதடுகள் குழாயின் வாயோடு ஒட்டியிருந்தன. காலைப் பற்றி இழுத்தாள். கால்சட்டை கையோடு மடிந்தது. உள்ளிருந்த காலும் காற்றுப் போன பை போல மடிந்தது. சட்டை முதுகோடு, முதுகு மண்ணோடு தட்டையாகப் படிந்திருந்தது. கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பி, நிறுத்தச் சொல்லிக் கெஞ்சின.

அவன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தான்.