மறுப்புப் பிரிவின் சொல்

செவ்வாய்க்கிழமைதோறும் குழலி மறுத்துப் பேசுவாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

தாம்பரத்தைத் தாண்டிய அணுக்காப்பு ஆணையத்தின் மன்றத்தில் அவளுடைய இருக்கை மற்றவர்களுக்கு எதிர்வரிசையில் தனியாகப் போடப்பட்டிருக்கும். அவள் பேசும்போது யாரும் குறுக்கிடக் கூடாது. பேசி முடித்ததும் தலைவர் கோதண்டராமன் கைகூப்பி, "மறுப்புக்கு ஆணையம் நன்றி சொல்கிறது" என்பார். சட்டத்தில் உள்ள வாக்கியம் அது. பிறகு அனுமதி வழங்கப்படும். அதன்பின் எல்லோரும் தேநீர் குடிக்கப் போவார்கள்.

"மேடம், இன்னிக்குக் கேன்டீன் வடைக்கும் மறுப்பு உண்டா?" என்பார் மதிப்பாய்வுப் பிரிவுத் தலைவர் ஷகீல்.

"உண்டு. உளுந்து பத்தல."

"பதிவு பண்ணியாச்சு. இப்ப சாப்பிடுங்க."

ஆணையத்தில் நான்கு பிரிவுகள் பழையவை. உலையின் வடிவமைப்பைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது மதிப்பாய்வுப் பிரிவு. உலைக்கே போய்ப் பார்ப்பது கள ஆய்வுப் பிரிவு. ஊழியர்களின் உடலில் ஏறும் கதிர்வீச்சை அளப்பது கதிர்காப்புப் பிரிவு. அனுமதி எழுதிக் கொடுப்பது உரிமப் பிரிவு. ஐந்தாவதான மறுப்புப் பிரிவு, ஓர் உலையில் நேர்ந்த பெருவிபத்துக்குப் பிறகு வந்தது. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகத் தலையாட்டியதுதான் அந்த விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு எழுதியது. ஆகவே, மறுப்பைக் கேட்காமல் எந்த உலைக்கும் அனுமதி இல்லை என்று சட்டம் வந்தது. மறுக்க எதுவுமே இல்லாவிட்டாலும் ஒருவர் மறுத்தாக வேண்டும்.

ஒரு பிரிவு மற்றொன்றின் வாயை அடைத்துவிடக் கூடாது என்பதற்காகச் 'சுவர் விதி'யும் வந்தது. முடிவு நிலுவையில் உள்ள ஓர் உலையைப் பற்றி இரண்டு பிரிவுக்காரர்கள் மன்றத்துக்கு வெளியே பேசிக்கொண்டால் இருவருக்கும் வேலை போகும். குழலியின் கணவன் ரெக்ஸ்லின் கள ஆய்வுப் பிரிவில் இருந்தான். குளச்சல்காரன். முட்டுக்கல்துறைச் சிற்றுலையில் தங்கி வேலை பார்த்து, வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவான். அந்த இரண்டு நாளும் அவர்கள் மீனைப் பற்றியும் மாடிவீட்டுச் சண்டையைப் பற்றியும் பேசுவார்கள். உலை என்ற சொல்லைச் சோறு வைக்கும்போதுகூட வீட்டில் சொல்லாமல் பழகியிருந்தார்கள்.

முட்டுக்கல்துறை உலை மின்சாரத்தோடு குடிநீரும் தந்தது. அதன் நீராவியில்தான் கடல்நீர் நன்னீரானது. கடற்கரை ஊர்கள் முழுவதும் அந்தத் தண்ணீரை நம்பியிருந்தன. முந்தின ஆண்டு நன்னீர் ஆலையைப் பெரிதாக்கினார்கள். இந்தச் செவ்வாய்க்கிழமை உலையின் உரிமம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

மறுக்க ஏதாவது வேண்டுமே என்று வரைபடங்களைப் புரட்டியபோதுதான் குழலி அந்த வளைவைப் பார்த்தாள். உலைக் கட்டடத்திலிருந்து நன்னீர் ஆலைக்குப் போகும் நீராவிக் குழாய், முழங்கையை மடக்கியதுபோல் ஓரிடத்தில் திரும்பியது. ஆலை பெரிதானதால் அதற்குள் ஓட்டத்தின் வேகமும் கூடியிருந்தது. வேகம் கூடினால் வளைவின் உட்சுவர் அரிபட்டு மெலியும். எப்போது கடைசியாக அளந்தார்கள் என்று தேடினாள். அளக்கவே இல்லை. வளைவுக்கு முந்தைய குழாய் ஆணையத்தின் பொறுப்பு, பிந்தையது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. வளைவு தங்களுடையது அல்ல என்று இரு தரப்பும் நினைத்துக்கொண்டிருந்தன. பொறுப்பு எதுவும் இல்லாத மறுப்புப் பிரிவின் கண்ணில்தான் அது பட்டது.

மன்றத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"இது வழக்கமான மறுப்பு இல்ல, ஐயா. உண்மையாவே சொல்றேன். அந்த வளைவை அளக்கறவரைக்கும் உலையை நிறுத்துங்க."

கோதண்டராமன் நிமிர்ந்து பார்த்தார். ஷகீலும் பேனாவைக் கீழே வைத்தார். ஆனால் எடைபோடும் வேலை மனிதர்களுடையது அல்ல. மன்றத்தின் நடுவே இருந்த 'சீர்தூக்கி' என்னும் அறிவுப்பொறி, ஒவ்வொரு பிரிவின் சொல்லும் இதுவரை எவ்வளவு பலித்தது என்று பார்த்து அதற்கு எடை தரும். ஆண்டுக்கணக்கில் எல்லாவற்றையும் மறுத்துவந்த ஒரு பிரிவின் சொல்லுக்கு அதனிடம் தூசியின் எடைதான்.

"'வழக்கமான மறுப்பு அல்ல' என்ற சொற்றொடரை இப்பிரிவு முன்பும் பலமுறை பயன்படுத்தியுள்ளது" என்றது சீர்தூக்கி.

பொய்யில்லை. போன ஆண்டு, பேச்சில் கொஞ்சம் சூடு இருக்கட்டுமே என்று குழலியே இரண்டு உலைகளுக்கு அப்படிச் சொல்லியிருந்தாள். அவளுக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர்களும் சொல்லியிருந்தார்கள்.

"கோடைக்காலம். உலையை நிறுத்தினா அத்தனை ஊருக்கும் தண்ணி இல்ல" என்றார் கோதண்டராமன், தனக்கே சமாதானம் சொல்வதுபோல. பிறகு கைகூப்பினார். "மறுப்புக்கு ஆணையம் நன்றி சொல்கிறது."

குழலி தேநீர் குடிக்கப் போகவில்லை. வாசலைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்து வெயிலில் நின்று கைபேசியில் ரெக்ஸ்லினைக் கூப்பிட்டாள். வளைவைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏ, சுவரைத் தாண்டிட்டியே. உரிம உத்தரவு இன்னும் கைக்கு வரல, அதுவரைக்கும் முடிவு நிலுவைலதான், தெரியும்லா?"

"தெரியும்."

"ரெண்டு பேருக்கும் வேல போச்சுன்னா குளச்சல்ல போய் வலைதான் இழுக்கணும். உனக்கு மீன் கழுவவே தெரியாது."

"ரெக்ஸ், விளையாடாத."

"நீ எதைத்தான் மறுக்கல? நம்ம கல்யாணத்துக்கே மூணு மறுப்பு சொன்னவ." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "செரி, ஒண்ணு மட்டும் சொல்லு. இப்ப பேசுகது மறுப்புப் பிரிவா, எம் பொண்டாட்டியா?"

"பொண்டாட்டிதான்."

"அப்ப செரி. தடிமன்மானிய எடுத்துட்டுப் போய் ஒரு அளவு எடுத்துருகேன். கையில ஒரு எண் இருந்தாத்தான் எங்க தலைவருகிட்ட வாயத் தொறக்க முடியும். மெலிஞ்சிருந்தா நானே நிறுத்தச் சொல்லுகேன்."

போகாதே என்று அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவள் சொன்னதை ஒருவன் நம்பிவிட்டான். அந்த நிம்மதியில் அவளுக்குக் கண் கலங்கியது. நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, வந்த பேருந்தைக்கூட விட்டுவிட்டாள்.

குழாய் அன்று பிற்பகலே வெடித்தது. கதிர்வீச்சு கொஞ்சமும் கசியவில்லை. உலை தானாகவே அணைந்தது. குடிநீர் வாரியம் லாரிகளை அனுப்பியது. வளைவுக்குப் பக்கத்தில் ஒருவன்தான் இருந்தான். நீராவி அவனை எழுந்திருக்க விடவில்லை.

ஆணையத்தின் அறிக்கை நிதானமாக எழுதப்பட்டிருந்தது. பொதுமக்களில் யாருக்கும் பாதிப்பில்லை. மறுப்பு முறையாகக் கேட்கப்பட்டு முறையாகப் பதிவுசெய்யப்பட்டது. ஐந்து பிரிவுகளும் சட்டப்படி இயங்கின. மறுப்பு பலித்துவிட்டதால் மறுப்புப் பிரிவுக்குச் சீர்தூக்கி தரும் எடை சிறிது உயர்த்தப்பட்டது. இறந்த அலுவலர் தமது கடமைப் பட்டியலில் இல்லாத இடத்தில் ஏன் நின்றார் என்பது தெரியவில்லை. ஆகவே அவரது மரணம் பணியின்போது நேர்ந்ததாகக் கருதப்படாது.

குளச்சல் வீட்டுக்கு ஷகீல் வந்திருந்தார். பந்தலில் நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க, மேடம்" என்றார். "எனக்கு அன்னிக்கே உள்ளுக்குள்ள என்னவோ பண்ணுச்சு. ஆனா நீங்க எப்பவும்..." முடிக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தார்.

குழலி தலையசைத்தாள். அவர்மேல் கோபம் வரும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. அந்த இருக்கைக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் அவளும் தேநீர் குடிக்கத்தான் போயிருப்பாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் திரும்பிய பிறகு, ரெக்ஸ்லினின் தங்கை ஜெஸிந்தா அடுக்களையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"மைனி, ஆபீஸ்காரங்க அண்ணனப் பத்தி ஒரு மாதிரி பேசுகாங்க. அது அவன் பாக்க வேண்டிய இடமே இல்லியாம். குடிச்சிருந்தானா, யாரையாவது பாக்கப் போனானான்னு எங்கிட்டயே கேக்காங்க. அவன் அப்பிடிப்பட்டவன் இல்லல்லா மைனி?"

"இல்ல."

"பின்ன அவனுக்கு அங்க என்ன வேல? யாரு போகச் சொன்னா?"

வாசலில் யாரோ நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. அன்று அவனோடு பேசியதைச் சொன்னால் சுவர் விதியின்படி வேலை போகும். இனி அந்த விதி யாரிடமிருந்து யாரைக் காக்கிறது என்று குழலிக்கு விளங்கவில்லை. ஜெஸிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் போகச் சொல்லல, ஜெஸி. அந்தக் குழாய் வெடிக்கும்னு நான் சொன்னேன். ஊர்ல அவன் ஒருத்தன்தான் அதை நம்பினான்."