மேற்படி

ஜூன் 12, வியாழன். இன்று ஒரு சிறு பிழை கண்ணில் பட்டது. கீழ்த்தளத்துப் பலகையில் 'மேற்படி' என்று எழுதியிருக்கக் கூடாது. பெரிய விஷயமில்லை. ஆனாலும் பிழை என்பதால் குறித்துவைக்கிறேன்.

அவ்வளவு எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். மாலை வகுப்பில் ஆசிரியை தினமும் கொஞ்சம் எழுதிவரச் சொல்லியிருந்தார், அதுவும் பிறமொழிச் சொல் கலக்காமல். ஸ்நார்க்கலை 'மூச்சுக்குழாய்' என்று அவள் எழுதியதும் அந்தப் பழக்கத்தால்தான்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு கரும்பலகை உண்டு. இடப்பக்கம் 'வேண்டும்', வலப்பக்கம் 'தருவோம்'. பொருளுக்குப் பொருள்தான், வேறு பேச்சு கிடையாது. போன வாரம் 'தருவோம்' பக்கத்தில் தங்கள் கதவு எண்ணைப் போட்டு 'மேசை விசிறி' என்று அவளே எழுதியிருந்தாள். அதன் கீழேயே இந்த வாரம், மறுபடியும் கதவு எண்ணைப் போட்டு, வேண்டும் என்ற பக்கத்தில் 'மூச்சுக்குழாய் ஒன்று, உடனே' என்றும், தருவோம் என்ற பக்கத்தில் 'மேற்படி' என்றும் எழுதினாள். காப்பீட்டு அலுவலகத்தில் பகல் முழுக்க மேற்படி நபர், மேற்படி முகவரி என்று நிரப்பும் கை. மேலே உள்ள விசிறியை நினைத்துத் தானாக எழுதிவிட்டது. மறுநாள் காவலாளி பழைய வரிகளை ஈரத்துணியால் துடைத்ததில் விசிறி போய்விட்டது, அவளுடைய வரி மட்டும் மிஞ்சியது.

வேண்டும்: மூச்சுக்குழாய். தருவோம்: மேற்படி.

"ஏம்மா, கழுத்துக்குள்ள ஒண்ணு இருக்கே, அது பத்தலையா உனக்கு?" என்று காவலாளி கேட்டார்.

"அது இல்லண்ணா. தண்ணிக்குள்ள மூஞ்சிய வெச்சு மீன் பாக்கறதுக்கு ஒரு குழாய் இருக்கில்ல, அது."

"அத ஸ்நார்க்கல்னு எழுதித் தொலைச்சிருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும். இதப் பாத்துட்டு எவனாவது நெஜமாவே ஒண்ண அறுத்துக் கொண்டாந்து நீட்டப் போறான்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

சனிக்கிழமை காலை அவளுக்கும் அக்காவுக்கும் படகு. சின்னத் தீவு, இரண்டு இரவு. வெள்ளை மணல், இடுப்பளவு ஆழத்திலேயே பவளப்பாறை, காலைச் சுற்றி வரும் மஞ்சள் மீன்கள் என்று விடுதிக்காரர்கள் அனுப்பிய படங்களை அக்கா தன் வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டி முடித்திருந்தாள். முகமூடிக் கண்ணாடி இரண்டு கிடைத்துவிட்டது, குழாய் ஒன்றுதான். விடுதியில் இருந்தவை உடைந்துவிட்டனவாம். கடையில் கேட்டால் வரவழைக்க வேண்டும், அடுத்த வாரம் ஆகும் என்றார்கள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவரைத் தாண்டி இரவெல்லாம் ஒரு விசில் கேட்கும், இழுக்கும்போது மெல்லியதாக, விடும்போது கொஞ்சம் கரகரப்பாக. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவள் தங்கையான அவள். சத்தம் நின்றால் விழித்துவிடுவாள். கடலுக்குப் போகலாம், ஆனால் மூச்சு முட்டுகிற எதையும் செய்ய வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தீவில் ஆஸ்பத்திரி கிடையாது. அவள் திட்டம் போட்டதெல்லாம், எந்தக் கரையில் அலை குறைவு, எங்கே கால் ஊன்றி நிற்கலாம் என்று கேட்டுக் கேட்டு வைத்ததெல்லாம், அக்காவை முழுசாகத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்பதற்காகத்தான்.

வியாழன் மாலை வகுப்பு முடிந்து அவள் வந்தபோது வாசலில் ஒரு டப்பா இருந்தது. பால் நிறத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் முத்துக்கள். பெயரோ சீட்டோ எதுவும் இல்லை.

கூடத்து மேசைமேல் வைத்துத் திறந்தபோது முதலில் வந்தது வாசனைதான். நாள்முழுக்கப் பேசாமல் மூடிக்கிடந்த வாயைத் திறந்தால் வருமே, அந்த வெதுவெதுப்பான, லேசாகப் புளித்த, அடுத்தவர் வாயின் வாசனை. ஈரத்துணிக்குள் குழாய் சுருண்டிருந்தது. வேகவைத்த கொழுப்பின் நிறம், ஒன்றரைச் சாண் நீளம். வளைவதற்காக வளையம் வளையமாகச் செய்திருந்தார்கள், ஆனால் அந்த வளையங்கள் எதுவும் முழு வட்டமாக இல்லை. பின்பக்கம் சேராமல் விட்டிருந்தன. சேராத இடத்தில் மெல்லிய தோல் போன்ற ஒன்று ஓடியது. விரலால் தொட்டாள். வழவழத்தது. கையை இழுத்தபோது ஒரு நூல் கூடவே வந்தது, நீண்டு, நடுவில் தொங்கி, மணிக்கட்டில் விழுந்தது.

அவள் சமையலறைக்கு ஓடிக் கை கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவினாள்.

"யாரோ நல்லவங்க," என்றாள் அக்கா, டப்பாவுக்குள் எட்டிப்பார்த்து. "பேர்கூடப் போடாம குடுத்துட்டுப் போயிருக்காங்க பாரு."

"தொடாதக்கா. ஏதோ மாதிரி இருக்கு."

"உனக்கு எதுதான் ஏதோ மாதிரி இல்ல? பால்ல ஆடை மெதந்தா ஊர விட்டு ஓடற ஆளு நீ." அக்கா பல் மருத்துவரிடம் உதவியாளர். "நான் நாள்பூரா அடுத்தவங்க வாய்க்குள்ள கைய விட்டுட்டு வரேன். அந்தக் கையாலதான் உனக்குச் சோறு போடறேன்."

"ஐயோ, சொல்லித் தொலைக்காத!"

"கொதிக்க வெச்சா தீந்துச்சு. போ, வெந்நீர் போடு."

கொதிக்க வைத்தாள். பாத்திரத்தில் எலும்பு வேகும் வாசனை எழுந்தது. பழுப்பு நுரை பொங்கி விளிம்பில் ஒட்டியது, அதில் கண்ணுக்கே தெரியாத அளவில் சின்னச் சின்ன மயிர்கள். குழாய் சூட்டில் ஒருமுறை முறுக்கிக்கொண்டது. பிறகு மெதுவாக நிமிர்ந்தது. ரப்பர் அப்படித்தான் செய்யும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ரப்பர் எப்படிச் செய்யும் என்று அவளுக்குத் தெரியாது.

குளியலறையில் பெரிய நீலத் தொட்டியை நிரப்பி, அக்கா மண்டியிட்டு, குழாயின் ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டு முகத்தை அமிழ்த்தினாள். மறுமுனை தண்ணீருக்கு மேல் நின்றது. அவள் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது. நீளமாக, ஆழமாக, அவசரமில்லாமல். ஏதோ குறைகிறது என்று தோன்றியது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

விசில் இல்லை.

அக்கா நிமிர்ந்தபோது முகத்தில் தண்ணீர் சொட்டியது. உதட்டுக்கும் குழாய்க்கும் நடுவே கோழைபோல ஒரு இழை ஆடியது. கண்கள் பளபளத்தன.

"ஏய், காத்து இவ்ளோ இனிப்பா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுடி," என்றாள். "நீங்கல்லாம் தினமும் இப்படியா மூச்சு விடறீங்க?"

அவளுக்கு அதைப் பிடுங்கி எறியத்தான் கை துடித்தது. ஆனால் காரணம் என்ன, வாசனையா? வழவழப்பா? அக்காவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு வந்திருக்கிறது. அருவருப்பு ஒரு காரணமாகுமா? அவள் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். துணியில் வழவழப்பு ஏறியது. துணியைக் குப்பையில் போட்டாள்.

அன்றிரவு சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை. அவள் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலும் அக்கா குழாயோடுதான் இருந்தாள். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். குழாயை வாயில் வைத்தபடியே துணி மடித்தாள், தொப்பிகளைப் பெட்டியில் அடுக்கினாள், கேட்டதற்கெல்லாம் கட்டைவிரலைக் காட்டினாள். வாய் ஓரத்திலிருந்து எச்சில் வழிந்து, மடித்து வைத்த நீச்சலுடைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை.

"கொஞ்ச நேரம் எடுத்து வையேன் அக்கா. அங்க போய்ப் போட்டுக்கலாம்."

அக்கா தலையை ஆட்டினாள். முடியாது என்று.

அலுவலகம் கிளம்பும்போது அவள் காவலாளியிடம் கேட்டாள். "நேத்து யாருண்ணா அந்த டப்பாவ வெச்சது?"

"ஒரு அம்மா. கழுத்த சுத்தி இறுக்கமா துணி கட்டியிருந்தாங்க. பேசல. பலகைய காட்டினாங்க, உங்க கதவு நம்பரக் காட்டினாங்க." அவர் தலையைச் சொறிந்தார். "அப்புறம் அந்த 'தருவோம்' பக்கத்துல விரல வெச்சுத் தட்டினாங்க. தட்டிக்கிட்டே இருந்தாங்கம்மா. சரி, சொல்லிடறேன்னு சொன்னேன். சைகையப் பாத்தா நாளைக்குக் காலைல வருவாங்கபோல."

"அது விசிறிண்ணா! விசிறியத்தான் சொன்னேன்."

"எனக்கென்னம்மா தெரியும். பலகைல மேற்படின்னு இருந்துச்சு."

அவள் அப்போதே மேலே போய் விசிறியைத் தூக்கிவந்து அவரிடம் கொடுத்தாள். அந்த அம்மா வந்தால் இதைக் கொடுத்துவிடுங்கள், மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள். பலகையில் தன் வரியை உள்ளங்கையால் துடைத்தாள். கையெல்லாம் சுண்ணாம்புத் தூள். அலுவலகத்தில் அன்று மேற்படி என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் பெயரை முழுதாக எழுதினாள்.

மாலையில் மழை. படிக்கட்டு விளக்கு மங்கலாக எரிந்தது. நான்காவது மாடியில் திரும்பியதுமே தெரிந்தது.

வாசலில் விசிறி நின்றது, வேண்டாமென்று திருப்பி வைத்ததுபோல.

பக்கத்தில் அந்த டப்பா. காலையில் மேசைமேல் இருந்த டப்பா. இப்போது வெளியே. திறந்து, துடைத்து, காலியாக. உள்ளே மடித்து வைத்த புது ஈரத்துணி.

மூடி அதற்கு அடியில். அது நிரம்புவதற்கு யாரோ காத்திருக்கிற மாதிரி வைத்திருந்தார்கள்.

உள்ளே இருமல் கேட்டது.

அவள் ஓடினாள். கூடத்தில் பெட்டி இறுக்கப் பூட்டித் தயாராக நின்றது. மேலே இரண்டு முகமூடிக் கண்ணாடிகள். வாஷ்பேசினைப் பிடித்தபடி அக்கா குனிந்திருந்தாள். குழாய் வாயில்தான் இருந்தது. அதைச் சுற்றி உதடு வீங்கி, ஈரமாக, மூடியிருந்தது.

"அக்கா, அதை எடு. எடுத்துடு!"

அவள் குழாயைப் பற்றி இழுத்தாள். சூடாக இருந்தது. வழுக்கியது. இழுக்க இழுக்க நீண்டது, விட்டதும் சுருங்கி உள்ளே போனது. உதடும் கூடவே போனது. எங்கே குழாய் முடிகிறது, எங்கே உதடு தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. அக்கா வலியில் முனகினாள். அந்த முனகல் குழாய் வழியாக வந்தது.

கையை எடுத்துவிட்டாள்.

அக்கா மறுபடி இருமினாள். குழாயை ஒட்டி, வாயின் இன்னொரு ஓரத்தில், ஏதோ எட்டிப்பார்த்தது. சாம்பல் நிறம். ஒரு வளையம். இருமல். இன்னொரு வளையம். சளி. பழைய சளி, மஞ்சளும் பச்சையுமாய், கட்டி கட்டியாய். நாற்றம் முகத்தில் அடித்தது. அக்கா பொறுமையாக, இரண்டு விரலால் அதைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தாள். பல்லில் சிக்கிய நாரை எடுக்கிற மாதிரி. வேலையில் பழகிய கை.

அது பேசினில் விழுந்தது. ஈரமாக ஒரு சத்தம்.

அக்கா நிமிர்ந்தாள். வாயைத் துடைத்தாள். அப்பாடா என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தாள். நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. வாயிலிருந்த குழாயின் வெளிமுனை மட்டும் விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. தங்கையின் கன்னத்தை ஈரக்கையால் தட்டிவிட்டு, வாசலைக் காட்டினாள். டப்பா இருந்த பக்கம். பிறகு தூங்கப் போய்விட்டாள். காலையில் படகு.

அவள் அங்கேயே நின்றாள். பேசினைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

மெலிந்து, கோணி, சளி அப்பி, அது கிடந்தது. தொட முடியாது. தொடவே முடியாது. தண்ணீரைத் திறந்து விடலாமா என்று குழாய்த்திருகில் கை வைத்தாள்.

அப்போது அது விசிலடித்தது.

இழுக்கும்போது மெல்லியதாக. விடும்போது கொஞ்சம் கரகரப்பாக.

ஜூன் 13, வெள்ளி. நாளை செய்ய வேண்டியது: விடிவதற்குள் அதைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்து வாசலில் வைக்க வேண்டும். அதற்குமுன் மூடியில் துளை போட வேண்டும். அது இன்னும் மூச்சு விடுகிறது.