இரண்டு தட்டு

அறிக்கையின் ஏழாவது வரியை மூன்றாம் முறை அடித்தபோதுதான் சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. எட்டாவது வரியைத் தொடங்கினாலே கர்சர் மேலே தாவி, ஏழாவது வரியின் கடைசிச் சொல்லை நீலமாக்கியது. அடுத்த எழுத்தை அழுத்தியதும் அந்தச் சொல்லே மாயம். வேறு எந்த வரியையும் அது தொடவில்லை. 'குழியிலிருந்து எந்தச் சத்தமும் கேட்கவில்லை' என்று அவர் எழுத எழுத, 'கேட்கவில்லை' மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குள் அறிக்கை விசாரணை அதிகாரியிடம் போயாக வேண்டும். போய்விட்டால், லிஃப்ட் குழிக்குள் நசுங்கிச் செத்த மெக்கானிக் ஒல்லி யாரிடமும் சொல்லாமல் இறங்கியவன் ஆவான், இவர் தப்பித்தார். இல்லையென்றால் ஸ்விட்சைப் போட்ட கை யாருடையது என்று கேட்பார்கள்.

பட்டப்பகல். மின்விசிறி கடகடத்தது. சமையலறையில் மனைவி பாத்திரத்தை ஓசைப்படாமல் வைத்தாள். ஒல்லியின் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லேப்டாப்பில் கைவைத்தது இவளாக இருக்குமோ? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மச்சானை வீட்டுக்கு வரவழைத்தார்.

"டைப் பண்றப்போ உள்ளங்கை டச்பேடுல படுது மாமா. ரெண்டு தடவை பட்டா ஒரு சொல்லு செலக்ட் ஆயிடும். ஊர்ல எல்லாருக்கும் நடக்கிறதுதான்." டச்பேடை அணைத்தான். "இப்ப அடிங்க."

அடித்தார். தாவியது.

"அட, இதென்ன கூத்து!"

"உங்க அக்கா ஏதாவது சொன்னாளா?"

"எதைப் பத்தி மாமா?"

அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"பேட்டரி உப்பினா அடியிலேருந்து பேடைத் தள்ளும்" என்றபடி மச்சான் கழற்றினான். பேட்டரி உப்பவில்லை. ஆனால் பேடின் அடிப்பக்கம் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தான். "கிரீஸ்! சைட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"

அந்த லேப்டாப் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. "ஆமா" என்றார்.

"புது பேடு நாளைக்குப் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் மவுஸை வச்சுக்குங்க." பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இனி உள்ளங்கை எதைத் தட்டும்? மறுபடி அடிக்க உட்கார்ந்தார். 'குழியிலிருந்து எந்தச் சத்தமும்—'

டக். டக்.

லிஃப்ட்காரர்களுக்குள் ஒரு வழக்கம். குழிக்குள் இருப்பவன் ஸ்பேனரால் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டுவான். நான் உள்ளே இருக்கிறேன், ஓட்டாதே என்று அர்த்தம். ஆனால் ஒல்லி விளையாட்டுக்காரன். வெளியே நின்றுகொண்டே தட்டி, இவரைப் பத்து தடவையாவது ஏமாற்றியிருக்கிறான். அன்றைக்கும் தட்டினான். இவருக்கு நன்றாகவே கேட்டது. 'போடா, உன் வேலை எனக்குத் தெரியாதா' என்று சிரித்துக்கொண்டே ஸ்விட்சைப் போட்டார்.

பேடு இருந்த இடத்தில் சதுரமாக ஓட்டை. அடிமூடி தெரிய வேண்டும். தெரியவில்லை. இருட்டு. உள்ளேயிருந்து தேங்கின தண்ணீர் வாடை. கிரீஸ் வாடை.

மின்விசிறி நின்றிருந்தது. எப்போது நின்றது?

"ஏய்..." மனைவியைக் கூப்பிட்டார்.

"கேட்டுச்சுடா" என்றார் ஓட்டையைப் பார்த்து. "சத்தியமா கேட்டுச்சு. நீ விளையாடுறேன்னு நினைச்சேன்டா. எழுதிடறேன். இப்பவே மாத்தி எழுதிடறேன்."

வாடை ஏறியது.

மூடிவிடலாம். இரண்டு உள்ளங்கைகளையும் ஓட்டையின் மேல் வைத்து அழுத்தினார்.

கீழே ஆழத்தில், இரும்பில், டக். டக்.

அப்புறம் கிட்டத்தில். அப்புறம் இன்னும் கிட்டத்தில்.

அப்புறம் அவர் உள்ளங்கையிலேயே, ஈரமான ஒரு விரல் நுனி.

ஒன்று.

இரண்டு.