மூன்றாவது மாடிக்கு வந்த ஆமை

செம்பூரில் அந்த சொசைட்டிக்குள் நான் நுழைந்தபோது காலை பதினோரு மணி. ஜூலை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நாலு மாடி, பதினெட்டு வீடு, அறுபது வருஷத்துக் கட்டடம். முன்னால் வரிசையாக ஸ்கூட்டர்கள், பின்னால் ஒரு கிணறு. பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. பதினாறு வருஷமாகப் பாம்பும் ஆமையும் பிடிக்கிறவள் நான். தாராவியில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்தா பயம் வரப்போகிறது?

சொசைட்டி செயலாளர் பானுமதி மேடம் கீழேயே காத்திருந்தார். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். குடையை மடக்கக்கூட என்னை விடவில்லை.

"கிளாரா, கிணத்துல இருக்கிற ஆமை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க. நாலு மணிக்கு மண் லாரி வருது. மூடிட்டு பார்க்கிங் போடறோம். மீட்டிங்ல பாஸ் ஆயிடுச்சு."

"இத்தனை வருஷம் இருந்த கிணறு. இப்ப எதுக்கு மேடம் மூடறீங்க?"

அவர் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆமை வீட்டுக்கு வருது."

"புரியல."

"காலைல கதவைத் திறந்தா மிதியடி மேல உக்காந்திருக்கு. சொட்டச் சொட்ட ஈரமா. மூணாவது மாடி, நாலாவது மாடி எல்லாம். ரெண்டு மாசமா இதே கதை. இங்க லிஃப்ட் கிடையாது, தெரியும்ல?"

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கிணற்றுக்கு இரும்புக் கிரில் மூடி, அதில் பூட்டு. சாவி மேடத்தின் கையில்.

"உங்க வீட்டுக்கும் வந்துதா?"

"எங்க வீட்டுக்கு எதுக்கு வரணும்? நாங்க ஆமையே வளர்த்ததில்ல" என்றார் வெடுக்கென்று.

அப்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதிர்ஷ்டம் என்று சொல்லி, ரூபாய் நாணயம் அளவில் ஒரு ஆமைக்குஞ்சை வாங்கி வருவார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க ஆமை; நாங்கள் சிவப்புக் காது என்போம். இரண்டே வருஷத்தில் அது சாப்பாட்டுத் தட்டு அளவு வளரும், நாறும், கடிக்கும். உடனே நெற்றியில் குங்குமம் வைப்பதுபோல் ஓட்டில் குங்குமம் வைத்து, கும்பிட்டு, கிணற்றில் போட்டுவிடுவார்கள். ஆமை இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை வேறு. சுத்தம் செய்தவை நம்மூர்ப் பாலாமைகள். சேற்றில் புதைந்து கிடக்கும் சாதுவான ஜீவன்கள். வந்தவை இரையைப் பிடுங்கி, நோயைப் பரப்பி, இருந்தவற்றைத் தீர்த்துக்கட்டும். வந்தவற்றையும் வேறு எங்கும் விட முடியாது. கடைசியில் மருத்துவர் ஊசி போட்டுத்தான் கொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாவத்தையும் நாங்கள்தான் சுமக்க வேண்டும். போட்டவர்கள் மேலே உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள்.

"உள்ள பாலாமை இருந்தா மூடக்கூடாது மேடம். சட்டப்படி குற்றம்" என்றேன்.

"நாலு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள எடுத்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வனத்துறைக்குப் போன் போட்டேன். நாளைக்கு ஆள் வரும் என்றார்கள்.

கிரில்லைத் திறந்தவுடன் டீசல் புகை நாற்றம் முகத்தில் அடித்தது. அங்கே எந்த எஞ்சினும் ஓடவில்லை.

கயிறு இழுக்க உதவிக்கு வந்தவர் அந்தக் கட்டடத்தின் பம்பு ஆள் தளவாய். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக்காரர், வீடு தாராவியில். ஊர்ப்பேச்சைக் கேட்டதும் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். கப்பியில் கயிற்றைப் போட்டு, பிளாஸ்டிக் கூடையில் கருவாடு கட்டி இறக்கினோம். சிவப்புக் காதுகள் முண்டியடித்து ஏறின. மணி இரண்டரைக்குள் முப்பத்தொன்று. பாலாமை ஒன்றுகூட வரவில்லை.

"அண்ணாச்சி, பாலாமை நெசமாவே இருக்கா?"

"அஞ்சு கெடக்கும்மா. எங்க அத்தான் எண்ணி வச்சிருந்தாவ."

அக்காவின் கணவரைத்தான் அத்தான் என்றார். பெயர் பூலோகம். இருபது வருஷம் இந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டவர்.

"எவனாவது இந்தச் செவப்புக் காத உள்ள போட்டாம்னா, மறுநாளே புடிச்சி அவன் வாசல்லயே கொண்டு வச்சிருவாவ. ஒங்க பொருள நீங்களே வச்சிக்கிடுங்கன்னு சொல்லிட்டு வந்துருவாவ."

என் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

"இப்ப அவரு எங்க?"

"மே மாசம் போய்ச் சேந்துட்டாவ. இந்தக் கெணத்துக்குள்ளதான்."

தூர் வார ஆள் வந்த நாள். ஒரு நாள் பொறுங்கள், பாலாமைகளை எடுத்துவிடுகிறேன் என்று பூலோகம் கெஞ்சியிருக்கிறார். மேடம் கேட்கவில்லை. மேலேயிருந்து குழாய் எட்டவில்லை என்று டீசல் பம்பையே கிணற்றுக்குள் படிமேல் இறக்கி ஓடவிடச் சொல்லிவிட்டார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, போய் எடுத்துட்டு வா, அஞ்சு நிமிஷம்தான் என்று மனுஷனையும் உள்ளே அனுப்பினார். கிணறு முழுக்கப் புகை. காகிதத்தில் மாரடைப்பு என்று எழுதியாயிற்று.

"நாந்தாம்மா கயிறு புடிச்சிருந்தேன். ரெண்டு இழுப்பு இழுத்தா தூக்கணும்னு எங்களுக்குள்ள பேச்சு. ஒரு இழுப்புதான் வந்துச்சு. ரெண்டாவது வரும் வரும்னு நின்னுட்டேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை போல இருந்தது.

மழை வலுத்தது. பட்டப்பகலில் கிணற்றுக்குள் கும்மிருட்டு. கூடையைக் கடைசிமுறையாக இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். மணி மூன்று இருக்கும்.

கயிறு அசைந்தது.

ஒரு இழுப்பு.

தளவாய் என்னைப் பார்த்தார்.

இரண்டாவது இழுப்பு.

"தூக்குங்க" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

கூடை மேலே வந்தது. உள்ளே ஒரே ஒரு பாலாமை, கால்களை உள்ளிழுத்துக்கொண்டு. ஓட்டின் மேல் இருந்த சேற்றை யாரோ துடைத்திருந்தார்கள். நாலு விரல் போன தடம் தெளிவாகத் தெரிந்தது.

கூடையை இறக்கினோம். மறுபடி இரண்டு இழுப்பு. மறுபடி ஒரு பாலாமை. இப்படியே ஐந்து. ஒவ்வொன்றின் மேலும் அதே நாலு விரல். ஐந்தாவதைத் தொட்டியில் விட்டபோது அழுதுவிட்டேன். செத்த பிறகும் சொன்ன வேலையை முடிக்கிறவர் ஒருவர். உயிரோடு இருந்துகொண்டு மண் லாரிக்குப் போன் போடுகிறவர்கள் பதினெட்டு வீடு.

அத்தோடு முடிந்தது என்று கயிற்றைச் சுற்றப் போனேன்.

கயிறு விறைத்தது.

இரண்டு இழுப்பு.

தளவாய் பாய்ந்து பிடித்தார். கப்பி கிறீச்சிட்டது. இந்தமுறை ஆமையின் கனம் இல்லை. ஆள் கனம்.

"கீழ யாரும் இல்ல அண்ணாச்சி!"

"தெரியும்மா. எரிச்சதே நாந்தான். சாம்பல அள்ளுனதும் நாந்தான்." மூச்சு வாங்கியது. "ரெண்டு இழுப்பு வந்துட்டுல்லா. நான் தூக்கணும்."

நானும் பிடித்தேன். ஒரு முழம் வந்தது. இன்னொரு முழம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கீழே சுவரில் கால் பதித்து ஏறும் சத்தம் கேட்டது. டீசல் நாற்றம் தொண்டையை அடைத்தது. பாதிக் கிணறு ஏறியிருக்கும். அப்போதுதான் லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது. கூடவே பானுமதி மேடம்.

"என்ன தூக்கறீங்க ரெண்டு பேரும்? ஆமை எடுத்தாச்சுல்ல?"

"இருங்க மேடம்! அஞ்சு நிமிஷம்!" என்று கத்தினேன்.

அவர் கிணற்றருகே வந்து எட்டிப் பார்த்தார். என்ன பார்த்தாரோ. முகம் வெளுத்து இரண்டடி பின்னால் போனார். அந்த முகத்தில் பயம் இருந்தது. அதைவிட அதிகமாக, அடையாளம் தெரிந்துகொண்ட பார்வை இருந்தது.

"டாலோ!" என்று மண்ணைக் கொட்டச் சொல்லி டிரைவரைப் பார்த்து அலறினார். "ஜல்தி டாலோ!"

நான் குறுக்கே ஓடினேன். தளவாய் கயிற்றை விடவில்லை. லாரியின் தொட்டி சாய்ந்தது. கல்லும் சிமெண்டுக் கட்டியும் செம்மண்ணும் ஒரே பாட்டமாக உள்ளே கொட்டின. கயிறு தளவாயின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. அடியில் எதுவோ நசுங்கியதுபோல ஒரு சத்தம். பிறகு இரண்டாவது லாரி. பிறகு மூன்றாவது.

"வேற ஒண்ணும் இல்ல. எல்லாம் பிரமை" என்றார் மேடம் எங்களைப் பார்க்காமல். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தளவாய் ரத்தம் வழியும் கையோடு மண்மேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அந்தப் பெண்மணியை அன்றைக்கு நான் அடிக்காமல் விட்டதற்கு இன்றுவரை காரணம் தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணி. ஐரோலியில் எங்கள் விலங்கு மீட்பு மையத்தில் ஐந்து பாலாமைகளுக்கும் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தும் நன்றாக இருந்தன. ஒன்று என் விரலைக்கூட முகர்ந்து பார்த்தது. போன் அடித்தது. பானுமதி மேடம்.

"கிளாரா, உடனே வாங்க. எங்க வாசல்ல..."

"ஆமையா?"

"ஆமை இல்ல. உக்காந்திருக்கு. கதவு ஓட்டை வழியா பார்த்தேன். உடம்பு முழுக்கச் செம்மண். தலையில சிமெண்டு. யாரும் பக்கத்துல வர மாட்டேங்கறாங்க." குரல் உடைந்தது. "ப்ளீஸ் கிளாரா. எப்படியாவது எடுத்துட்டுப் போயிடுங்க."

பதினாறு வருஷத்தில், கூப்பிட்டு நான் போகாத வீடு கிடையாது. நல்லபாம்பு படுத்த தொட்டிலுக்குக்கூடப் போயிருக்கிறேன்.

"நான் ஆமைதான் எடுப்பேன் மேடம்" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, மிக அருகில், யாரோ புகை அடைத்ததுபோல் இருமினார்கள்.