எண்ணெய் பூசிய டிஷ்

மழை கொட்டினால் இணையம் படுத்துவிடும். அதுதான் அந்த வீட்டின் வழக்கம். இன்று கொட்டோ கொட்டென்று கொட்டியும் படுக்கவில்லை. மடிக்கணினியில் மாணவர்களின் முகங்கள் பளிச்சென்று தெரிந்தன. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாம் அந்த எண்ணெய் வாடையால்தான். மாடியில் குழந்தை தூங்கும் அறையின் ஜன்னலுக்கு வெளியேதான் இணையத்துக்கான டிஷ் இருந்தது. வாடகை வீடு, சுவரில் துளை போடக்கூடாது; அதனால் கேபிளை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே விட்டிருந்தார்கள். அந்த ஜன்னல் முழுசாகச் சாத்தாது. மழை வந்தாலே அவள் எடுக்கும் ஆன்லைன் வகுப்பு பாதியில் அறுந்துபோகும். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற டீச்சரைப் பாத்துக்குவோம்" என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் அவள் கணவன், பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன பழைய எண்ணெயை டிஷ் முழுக்கத் தடவினான்.

"தண்ணி ஒட்டாம வழுக்கிட்டுப் போயிடும். எப்படி நம்ம ஐடியா?"

"ஆமா, பெரிய விஞ்ஞானி. முதல்ல கையக் கழுவுங்க."

விஞ்ஞானி கழுவவில்லை. அதே கையால் குழந்தையைத் தூக்கி, தலையைக் கோதிக் கொஞ்சினான். எத்தனை தரம் குளிப்பாட்டியும் அந்தப் பிஞ்சுத் தலையிலிருந்து சிக்கு வாடை போகவில்லை. முத்தமிடக் குனிந்தாலே அவளுக்குக் குமட்டியது. பெற்ற பிள்ளையிடமே அருவருப்பா என்று தன்மீதே எரிச்சலாக வந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவன், "டிஷ்ல ஒரு பக்கம் பெயிண்டே காணோம்டி. ராவி எடுத்த மாதிரி தகரம் பளபளங்குது" என்றான். மழையில் உரிந்திருக்கும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

இப்போது மழை இன்னும் வலுத்தது. திரையில் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறின. உடனே மாடிப்பக்கத்திலிருந்து, கூரையில் விழும் மழையின் இரைச்சலையும் தாண்டி, மாடு கன்றை நக்குவது போல ஈரமும் சொரசொரப்புமாக ஒரு நீண்ட சத்தம் மெதுவாக இழுபட்டு வந்தது. அது முடிந்ததும் முகங்கள் தெளிந்தன. மறுபடி சிதறல். மறுபடி அந்தச் சத்தம். மறுபடி தெளிவு.

டிஷ்ஷில் நிற்கும் தண்ணீரை யாரோ துடைக்கிறார்கள். இல்லை, துடைக்கிற சத்தம் இல்லை அது.

பக்கத்தில் நிறுத்தியிருந்த கைப்பேசியைப் பார்த்தாள். குழந்தையின் அறையிலிருக்கும் கேமரா, அதே இணையம் வழியாகப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை வாயில் வைத்தபடி குழந்தை ஒருக்களித்துத் தூங்கியது. நல்லவேளை.

சத்தம் நின்றது.

மடிக்கணினியில் ஒரு மாணவி வாயைத் திறந்தபடி உறைந்தாள். "மிஸ், கேக்..." அதோடு சரி. வேலை போயிற்று என்று நினைத்தபடி கைப்பேசியைப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தின் மூலையில் ஓடும் கடிகாரம் ஓடவில்லை.

எவ்வளவு நேரமாக?

சத்தம் மறுபடி கேட்டது. இணையம் திரும்பவில்லை. சத்தம் வெளியே இல்லை.

கைப்பேசியோடு படியேறினாள். ஏற ஏறச் சிக்கு வாடை. அதோடு எச்சில் வாடை. மூச்சை அடக்கினாள். கதவு. வியர்த்த கையில் கைப்பிடி வழுக்கியது. மறுபடி வழுக்கியது.

மழை சட்டென்று குறைந்தது. கைப்பேசியில் படம் அசைந்தது.

குழந்தை விழித்திருந்தது. கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டிருந்தது. கேபிள் வரும் இடுக்கு வழியாக, சாம்பல் நிறத்தில், தட்டையாக, ஈரமாக ஒன்று தொட்டில்வரை நீண்டிருந்தது. அது பட்ட பக்கம் தலையில் முடி இல்லை. புருவம் இல்லை. வழவழவென்று பளபளத்தது.

குழந்தை இன்னும் சிரித்தது. நாக்கு மறுபக்கம் திரும்பியது.